நம்ம ஊர் மலைக்கோட்டை: ஒரு சிவில் மாணவனின் பார்வையில்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



மதுரை ரோட்டில் வந்தாலும் சரி, பழநி ரோட்டில் வந்தாலும் சரி, ரயிலில் ஜங்ஷனில் வந்து இறங்கினாலும் சரி, திண்டுக்கல் வந்துவிட்டது என்று நமக்குச் சொல்வது அந்தப் பாறைதான். தினமும் பார்ப்பதாலேயே நாம் அதைப் பார்ப்பதில்லை! வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு ஏறுவோம். மேலே நின்று ஊரைப் பார்ப்போம். "எங்க வீடு அந்தா தெரியுது பாரு" என்று கை காட்டுவோம். இறங்கி வந்து பிரியாணி சாப்பிடுவோம். அத்தோடு சரி.

போன வருடம் எங்கள் வகுப்பு நண்பர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி ஏறினோம். கையில் ஒரு அளவு டேப், ஒரு ரசமட்டம், ஒரு நோட்டுப் புத்தகம். 'பில்டிங் கன்ஸ்ட்ரக்ஷன்' பாடத்தில் படித்ததெல்லாம் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். பார்த்தோம். புத்தகத்தில் இருப்பதும் இருந்தது, இல்லாததும் இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். கோட்டை என்றால் மதில், பீரங்கி என்றுதான் நினைத்துப் போனோம். இறங்கும்போது எங்கள் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியே இருந்தது!

முதலில் கொஞ்சம் வரலாறு

பாறையின் வடிவம் படுக்கையில் போடும் திண்டு மாதிரி இருப்பதால் 'திண்டுக்கல்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மலைக்குப் பத்மகிரி என்றும் ஒரு பெயர் உண்டு.

கோட்டையைக் கட்டியவர்கள் மதுரை நாயக்கர்கள். 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டியதாக வரலாறு கூறுகிறது. பிறகு 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் இது இன்னும் பலப்படுத்தப்பட்டது. ஏன் இந்த இடம்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே பழநி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை, நடுவில் சமவெளி. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மதுரைக்குப் படை வரவேண்டுமானால் இந்தச் சமவெளி வழியாகத்தான் வரவேண்டும். நடுவில் தாழ்ப்பாள் போட்ட மாதிரி நம்ம பாறை! பூட்டுக்குப் பேர் போன ஊர் அல்லவா, ஊரே மதுரைக்கு ஒரு பூட்டாகத்தான் இருந்திருக்கிறது.

நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு, 1742-இல் மைசூர்ப் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். அப்போது அவர் மைசூரின் அதிபதி அல்ல, வளர்ந்துவரும் ஒரு தளபதி. பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச் சாலை அமைத்தார். பீரங்கி, துப்பாக்கித் தொழிலில் ஹைதருக்குப் பள்ளிக்கூடம் திண்டுக்கல்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் சமாதி பேகம்பூரில் இருக்கிறது. பேகம்பூருக்கு அந்தப் பெயர் வந்ததும் அவரால்தான். சிவகங்கையை இழந்த ராணி வேலுநாச்சியார் விருப்பாட்சி, திண்டுக்கல் பக்கம் வந்து தங்கி, ஹைதரின் உதவியைப் பெற்று 1780-இல் நாட்டை மீட்டதும் இந்தக் காலத்தில்தான்.

பிறகு கோட்டை பந்து மாதிரி கை மாறியது. 1767-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1768-இல் ஹைதர் மீட்டார். 1783-இல் மறுபடி ஆங்கிலேயர். 1784-இல் மங்களூர் உடன்படிக்கைப்படி மறுபடி மைசூர். 1790-இல் ஆங்கிலேயர் திரும்பவும் பிடித்தார்கள். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் எழுதிக் கொடுத்த பிறகு கடைசிவரை அவர்களிடமே இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் ஐந்து முறை கை மாறிய கோட்டை! ஆங்கிலேயரை எதிர்த்துப் பாளையக்காரர்களைத் திண்டுக்கல் கூட்டணியாகத் திரட்டிய விருப்பாட்சி கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டதும் இந்த மண்ணில்தான்.

வரலாறு போதும். இனி ஏறுவோம்.

படிகள் சொல்லும் கணக்கு

பாறையிலேயே வெட்டிய படிகள். வீட்டு மாடிப்படி மாதிரி செங்குத்தாக இல்லை. உயரம் குறைவு, அகலம் அதிகம். வகுப்பில் நாம் படித்திருக்கிறோம்: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தையும் கூட்டினால் சுமார் 60 சென்டிமீட்டர் வரவேண்டும். அது மனிதனின் ஒரு எட்டு. அந்தக் கணக்கில் உயரம் குறைந்தால் அகலம் கூடவேண்டும். இங்கே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சில இடத்தில் அகலம் ஒரு எட்டுக்கும் மேலே போகிறது. "என்னடா இது, ரெண்டு எட்டு வெக்க வேண்டியிருக்கு" என்று நண்பன் அலுத்துக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இந்த வழியில் மனிதர்கள் மட்டும் ஏறவில்லை. சுமை தூக்கியவர்கள் ஏறினார்கள், குதிரை ஏறியது, பீரங்கியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஏற்றம் அதிகமான படியில் பீரங்கியை இழுக்க முடியாது. அதே சமயம் எதிரிக்கும் சுலபமான சாலையாகப் போய்விடக்கூடாது. அதனால்தான் வழி நேராகப் போகாமல் திரும்பித் திரும்பிப் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறி வருகிறவன் தன் முதுகையோ விலாவையோ மேலே இருக்கிறவனுக்குக் காட்டித்தான் ஆகவேண்டும். கட்டியவர்கள் வழியையே ஓர் ஆயுதமாக ஆக்கியிருக்கிறார்கள்.

மதிலுக்குள் மதில்

மேலே போனதும் பாறையின் விளிம்பைச் சுற்றி மதில். இது ஒற்றைச் சுவர் அல்ல. வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என்று இரட்டைச் சுவர். இதன் பயன் என்ன? பீரங்கிக் குண்டு ஒரே கெட்டியான சுவரில் மோதினால் விரிசல் முழுச் சுவருக்கும் ஓடும். இரண்டு முகச் சுவர்களுக்கு நடுவில் மண்ணோ கல் துண்டோ நிரப்பியிருந்தால் குண்டின் வேகத்தை அந்த நிரப்பல் வாங்கிக்கொள்ளும். வெளிச்சுவர் பெயர்ந்தாலும் உள்சுவர் நிற்கும். இன்றைக்கு ராணுவத்தில் மணல் மூட்டை அடுக்குகிறார்களே, அதே தத்துவம்தான்.

பழைய கோட்டை மதில்களில் துப்பாக்கித் துளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே அகலமாகவும் வெளியே குறுகலாகவும் இருக்கும். உள்ளே நிற்கிறவன் துப்பாக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பலாம். வெளியே இருக்கிறவனுக்குக் குறி வைக்க ஒரு கோடுதான் தெரியும். பீரங்கிக்கு வேறொரு சிக்கல் உண்டு. உயரத்தில் வைத்த பீரங்கி தூரத்தில் வருகிறவனை அடிக்கும். மலையடியில் ஒட்டி நிற்கிறவனை அடிக்க முடியாது. குழாயை அவ்வளவு கீழே சாய்த்தால் குண்டே உருண்டு விழுந்துவிடும்! அதனால் மலையடியைக் காப்பது பீரங்கியின் வேலை அல்ல. செங்குத்தான வழுக்குப் பாறையின் வேலை.

உள்ளே வரிசையாக அறைகள் இருக்கின்றன. ஆயுதக் கிடங்கு, வீரர்கள் தங்குமிடம், கைதிகளை அடைத்த அறைகள், சமையல்கூடம், குதிரை லாயம் என்று சொல்கிறார்கள். கனமான சுவர்களில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் துளை விட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் போய் அந்த அறைக்குள் நின்று பாருங்கள். வெளியே பாறை கொதிக்கும், உள்ளே ஜில்லென்று இருக்கும். கனமான சுவருக்குச் சூடேற நேரமாகும். சூடு உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கரண்ட் பில் இல்லாத ஏ.சி.!

உச்சியில் கோயில் இருக்கிறது. தூண்கள் இருக்கின்றன, சிற்பங்கள் இருக்கின்றன, கருவறையில் சாமி இல்லை. மலைமேல் இருந்த காளஹஸ்தீஸ்வரரும் அபிராமி அம்மனும் கீழே ஊருக்குள் இருக்கும் கோயிலுக்கு வந்துவிட்டார்கள் என்பது ஊரறிந்த செய்தி.

மாமா சொன்ன சுண்ணாம்பு

எங்கள் தாய்மாமா கொத்தனார். நாற்பது வருடம் கரண்டி பிடித்தவர். சின்ன வயதில் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய வீடுகளில் சித்தாளாக வேலை பார்த்தவர். கோட்டைச் சுவர் எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

"மாப்ளே, சிமெண்டு அவசரக்காரன். ஒரு மாசத்துல கெட்டியாயிட்டு அதோட நின்னுக்குவான். சுண்ணாம்பு அப்படி இல்ல. வருஷம் போகப் போகத்தான் அவனுக்குப் பலம்" என்றார்.

மாமா வேதியியல் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் நம் பாடம். சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும். இந்த வேலை வெளியிலிருந்து உள்ளே போகப் பல வருடம் ஆகும். கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பதும் சும்மா இல்லை. கருப்பட்டியில் இருக்கும் சர்க்கரை சுண்ணாம்பை நன்றாகக் கரைய வைக்கும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் கலவைக்குப் பிடிப்பைக் கொடுக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. சுண்ணாம்புக் கலவை மூச்சு விடும். சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியே போக வழி இருக்கும். சின்ன விரிசல் விட்டால், மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலில் படிந்து தானாகவே அடைத்துக்கொள்வதும் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை வைத்துப் பூசினால் என்ன ஆகும்? ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு பூக்கும். கடைசியில் சிமெண்டு அப்படியே நிற்க, அதன் பின்னால் இருக்கும் பழைய கலவை உதிர்ந்துபோகும். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க நாளைக்கு உங்களைக் கூப்பிட்டால் இதை மறந்துவிடாதீர்கள்.

கோட்டையின் உயிர் எங்கே?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

மலைமேல் ஆங்காங்கே மழைத் தண்ணீர் தேங்கும் சுனைகளும் குளங்களும் இருக்கின்றன. நாங்கள் போனது வெயில் காலம். பாதி வற்றிப் பச்சை நிறமாகக் கிடந்தது. பிளாஸ்டிக் பாட்டிலும் பாக்கெட்டும் மிதந்தன. முகத்தைச் சுளித்துக்கொண்டு தாண்டிப் போனோம். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் டேப்பைப் பார்த்துவிட்டு, "மழை பேஞ்ச மறுநா வாங்க தம்பி. அப்பத்தான் இந்தக் கோட்டை எப்படி வேல செய்யுதுன்னு தெரியும்" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. மறுநாள் காலையில் போனோம். பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை! பாறைச் சரிவில் விழுந்த தண்ணீர் ஓடையாக இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஓடிவந்த தண்ணீர் பள்ளத்தில் சேர்ந்து சுனை நிறைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. இந்த மலை முழுவதும் ஒரு மொட்டை மாடி. சுனை அதற்குத் தொட்டி.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் தண்ணீர். 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் உள்ள ஒரு பாறைச் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2,000 சதுர மீட்டர். ஒரு மழை 25 மில்லிமீட்டர் பெய்தால் 50,000 லிட்டர். மண்ணாக இருந்தால் பெரும்பகுதி உறிஞ்சிப் போகும். வெறும் பாறையில் ஐந்தில் நாலு பங்காவது ஓடிவரும் என்று வைத்தால் 40,000 லிட்டர். ஒரே மழையில்!

இனிச் செலவுக் கணக்கு. கோட்டைக்குள் 400 பேர் முற்றுகையில் மாட்டிக்கொண்டார்கள் என்று வைப்போம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்றால் 2,000 லிட்டர். 100 நாள் தாக்குப்பிடிக்க 2 லட்சம் லிட்டர் வேண்டும். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளம் போதும். ஆனால் வெயில் என்று ஒரு திருடன் இருக்கிறான். கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகப் போனால், இந்தக் குளத்தில் நாளொன்றுக்கு 600 லிட்டர் காணாமல் போகும். அதே 2 லட்சம் லிட்டரை 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழம் என்று வைத்தால் நட்டம் 150 லிட்டர்தான். வாய் குறுகி ஆழமாக இருக்கும் சுனை ஏன் கோடையிலும் வற்றுவதில்லை என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. மழைக்கால ஓட்டத்தையும் கோடைத் தேவையையும் கண்ணாலேயே பார்த்து இடம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு டிப்ளமோ யார் கொடுத்தார்கள்?

திருக்குறளில் 'அரண்' என்று ஓர் அதிகாரமே உண்டு. கோட்டைக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது வள்ளுவர் முதலில் வைப்பது மதிலை அல்ல, தெளிந்த தண்ணீரை. அதற்குப் பிறகுதான் நிலமும் மலையும் காடும் வருகின்றன. அந்த அதிகாரத்தை முடிக்கும்போது, கோட்டை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆட்கள் சரியில்லை என்றால் அதனால் பயனில்லை என்கிறார். 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டபோது நடந்ததைப் பாருங்கள். பீரங்கியால் சுவரை உடைத்து ஆங்கிலேயப் படை ஏற முயன்றது. உள்ளே இருந்தவர்கள் அடித்துத் துரத்திவிட்டார்கள். ஆனால் மறுநாளே கோட்டை சரணடைந்தது! சுவர் தோற்கவில்லை.

மற்ற மலைக்கோட்டைகள்

செஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சுற்றி மதில். முகலாயப் படை 1690-இல் வந்து உட்கார்ந்து 1698-இல்தான் பிடிக்க முடிந்தது. உச்சியில் வற்றாத சுனை இருந்ததும் அதற்கு ஒரு காரணம். இலங்கையில் சிகிரியா பாறையின் உச்சியிலும், 5-ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்துக் குளத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஜப்பானிலும் இப்படி மலையுச்சிக் கோட்டைகள் நிறைய உண்டு. ஹியோகோ மாநிலத்தில் தக்கேதா கோட்டை என்று ஒன்று. 353 மீட்டர் உயர மலையின் உச்சியில் 15-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1600-இல் செக்கிகஹாரா போருக்குப் பின் கைவிடப்பட்டது. மரக் கட்டடங்கள் எல்லாம் போய்விட்டன. கல் மதில் மட்டும் நிற்கிறது. அந்த மதிலில் சுண்ணாம்பே கிடையாது! கல்லின்மேல் கல்லைப் பொருத்தி, பின்னால் சின்னக் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அந்தச் சின்னக் கற்கள் வழியாக வடிந்துவிடும். சுவரின் பின்னால் தண்ணீர் தேங்கினால் அதன் அழுத்தம் சுவரைத் தள்ளும் என்று 'ரீடெய்னிங் வால்' பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு அவர்கள் கண்ட வழி இது. நம் ஆட்கள் தண்ணீரைச் சேர்த்து வைத்தார்கள், அவர்கள் தண்ணீரை வடியவிட்டார்கள். இரண்டு பேருமே தண்ணீரைத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டைக்கு 2010-களில் கூட்டம் அளவுக்கு மீறி வர ஆரம்பித்தது. ஆட்கள் நடந்து நடந்தே தரை தேய்ந்து மண் அரித்தது. உடனே நடக்கும் வழியில் விரிப்புப் போட்டார்கள். சில இடங்களுக்குப் போகத் தடை விதித்தார்கள். பிடித்துப் பார்க்க வருகிற கால்களே ஒரு கோட்டையை இடிக்க முடியும் என்பது நமக்கும் பாடம்.

கோட்டை எப்படி இடிகிறது?

பீரங்கி இடிக்காததை ஒரு காக்கை இடிக்கும். எப்படி என்கிறீர்களா? ஆலம்பழத்தையோ அரசம்பழத்தையோ தின்ற பறவை மதில்மேல் எச்சமிடும். விதை விரிசலில் விழும். மழையில் முளைக்கும். வேர் ஈரத்தைத் தேடிச் சுவருக்குள் இறங்கும். வேர் தடிக்கத் தடிக்கக் கல் நகரும். மேலே இலையை மட்டும் வெட்டினால் வேர் மறுபடி துளிர்க்கும். சிறு செடியாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது நம் ஆட்கள்! சுவரில் ஆணியால் கீறிய பெயர்கள், இதயப் படம், அம்பு, பேட்ச் நம்பர். பாலிடெக்னிக் மாணவர்களின் கைவரிசையும் அதில் உண்டு என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகத்தான் மழை உள்ளே போகிறது. இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் வந்த அதன் திருத்தமும் சொல்வது இது: இப்படிப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு வெளியே 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். நாளைக்குப் பிளான் போட்டுக் கொடுக்கப்போகிற நமக்கு இந்த எண்கள் மனப்பாடமாக இருக்கவேண்டும்.

மேலே சுனை, கீழே குடம்

மலைமேல் நின்று கீழே பார்த்தால் நம் ஊரின் கதையே தெரியும். ஒரு பக்கம் குளங்கள், சில நிறைந்து, சில வற்றி. தோல் ஷாப்புகளின் கழிவு இறங்கி நிலத்தடித் தண்ணீர் கெட்டுப்போன பகுதிகள். தூரத்தில் சிறுமலை. மேற்கே ஆத்தூர்ப் பக்கம், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கும் திசை. 2011 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 7 ஆயிரம் பேர் வாழும் ஊர் இது. 2014-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. அம்மா பல நாள் விடிய விடியக் குடத்தோடு உட்கார்ந்திருக்கிறார். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதானே?

மலைமேல் பெய்த அதே மழைதான் நம் மொட்டை மாடியிலும் பெய்கிறது. 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். நம் பக்கம் வருடத்துக்கு 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே சராசரி மழை. 800 என்றே வைத்து, ஐந்தில் நாலு பங்கு கிடைத்தாலும் சுமார் 60,000 லிட்டர். நாலு பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்று நாளைக்கு 40 லிட்டர் எடுத்தால், அது 1,500 நாளைக்கு, அதாவது நாலு வருடத்துக்குக் காணும்! அவ்வளவையும் சேர்த்து வைக்கத் தொட்டி கட்ட முடியாது, சரி. 10,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தாலே 250 நாள் ஓடும். மிச்சத்தை நிலத்துக்குள் விட்டால் கிணறும் போரும் ஊறும்.

2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. எல்லோரும் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் அந்தக் குழாயின் வடிகட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்? குழாய் கீழே வந்து சாக்கடையில் முடிகிற வீடுகளை நானே எண்ணியிருக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் பதினொன்று.

எனவே மாணவர் பேரவையின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கி, சர்வே வகுப்பில் நாம் பிடிக்கும் லெவல் கருவியோடும் டேப்போடும் மலைமேல் இருக்கும் சுனைகளை அளந்து வரைபடம் போடுவோம். எந்தச் சுனைக்கு எந்தச் சரிவின் தண்ணீர் வருகிறது என்று குறிப்போம். காலேஜ் மைதானத்தை வருடா வருடம் அளப்பதைவிட இது பிரயோஜனமான பயிற்சி. இரண்டாவது, நம் பாலிடெக்னிக் கட்டடத்திலும் விடுதியிலும் மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறது என்று மழைக்கு முன்னால் பார்ப்போம். பழுதாக இருப்பதை நாமே சரிசெய்வோம். கல்லும் கரியும் மணலும் வாங்க எவ்வளவு ஆகிவிடப்போகிறது? மூன்றாவது, ஏறுகிற ஒவ்வொருவரும் கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருவோம். பெயர் எழுதத் துடிக்கும் கைக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து ஒரு சுனையை வரையச் சொல்வோம்.

சிவில் படித்தவன் ஊருக்கு என்ன செய்தான் என்று கேட்டால் காட்டுவதற்கு நமக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா? முற்றுகை வந்தால் தாகத்தில் சாகக்கூடாது என்று பயந்தவர்கள் மேலே ஒவ்வொரு துளியையும் பிடித்து வைத்தார்கள். இப்போது முற்றுகை இல்லை, பீரங்கி இல்லை. தாகம் மட்டும் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, நண்பர்களே. உங்கள் வீட்டு மாடிக்குப் போய் அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.